திருச்சி மையும் கிள்ளான் பஸ்ஸும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு என் மகள் கீர்த்தனா இடது கையில் செல்பேசியைப் பிடித்துக்கொண்டு வீடியோவில் பேசினாள். எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது அப்போதுதான். பிறந்ததிலிருந்து அவள் வலது கைக்காரி. பல் தேய்ப்பதும் பக்கத்து வீட்டுப் பையனை அடிப்பதும் வலது கையால்தான். "வலது கை எங்கடி?" என்று கேட்டேன். "இருக்கும்மா" என்றாள். இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டோடு இருந்தது.

மலேசியாவில் கிள்ளானுக்குத் தெற்கே தெலுக் பங்லிமா காராங் என்று ஓர் ஊர். ஊர் முழுக்கத் தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில் அவள் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டது. ஓட்டிவந்தவனே கிளினிக்குக் கூட்டிப்போனானாம். "பாவம்மா, அவன்தான் ரொம்ப அழுதான்" என்று அவனுக்காக என்னிடம் பரிந்து வேறு பேசினாள். நான் அழுதது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு முதல் பீரியடே எட்டாம் வகுப்புக்குக் கணக்கு.

விசா, விமானம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. போவதற்கு எனக்கு ஒரு டிக்கெட்டும், திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட்டும் போட்டிருந்தார் என் கணவர். இரண்டாவது கீர்த்திக்கு. "கூட்டிட்டு வந்துடு. வேலை எல்லாம் இங்கயும் இருக்கு" என்றார். அதை அவளிடம் சொல்லும் வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார். எலும்புக்கு நல்லது என்று பிரண்டைத் துவையலை இரண்டு டப்பாக்களில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிள்ளானில் அவள் ஒரு வரிசை வீட்டில் மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். அடுத்த அறையில் கோகிலா. அதே தொழிற்சாலையில் லைன் லீடர். நாற்பதை நெருங்குகிற, சத்தமாகச் சிரிக்கிற பெண். வடக்கே, பினாங்கு பக்கம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. ஊரின் உண்மைப் பெயரை எழுதினால் இந்தக் கதையில் வரப்போகிற ஒருவரை அடையாளம் கண்டுவிடுவீர்கள். புக்கிட் செம்பாக்கா என்று ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே அவள் அக்காவிடம் வளர்கிறார்கள். அவள் இங்கே கீர்த்திக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"ஆன்டி, பயப்படாதீங்க லா. இன்னும் ஒரு வாரம் எம்.சி. இருக்கு. நல்லா தூங்கட்டும்" என்றாள். பேச்சின் வாலில் ஒட்டுகிற 'லா'வுக்குப் பொருள் இல்லை; எம்.சி. என்றால் மருத்துவ விடுப்பு. இந்த நாட்டில் அதைச் சொல்லும்போதே மக்கள் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது.

நான் தூங்கவில்லை. இடித்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். "எதுக்கும்மா? ரோடுதான், வேற என்ன இருக்கும்?" என்றாள் கீர்த்தி. பார்க்காமல் பயப்படுவதைவிடப் பார்த்துவிட்டுப் பயப்படுவது மேல் என்பது என் கட்சி. மறுநாள் காலை கோகிலா வேலைக்குக் கிளம்பும்போது நாங்களும் கிளம்பினோம்.

பஸ் எப்போது வரும் என்று கேட்டேன். கோகிலா செல்பேசியைக் காட்டினாள். மூன்று நிமிடம் என்று போட்டிருந்தது. வாழையிலையில் மடித்த நாசி லெமாக் ஒன்றை வாங்கிப் பிரித்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, ஓரத்தில் சிவப்பாய் ஒரு சம்பால், அரை முட்டை, நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை. கருவாட்டை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை நிதானமாகச் சாப்பிட்டேன். சம்பாலில் இனிப்பும் உறைப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இலையை மடித்துக் குப்பையில் போட்டேன், கை கழுவினேன். பஸ் இன்னும் மூன்று நிமிடத்தில் வரவிருந்தது.

"இங்க நிமிஷம் கொஞ்சம் பெருசு ஆன்டி" என்றாள் கோகிலா.

எங்கள் ஊரில் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கோபம் வராது. இங்கே இயந்திரமே உறுதிமொழி கொடுக்கிறது. ஏமாறுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சாலை முழுக்கக் கார்கள். பஸ் வராததால் எல்லோரும் கார் வாங்கிவிட்டார்கள். எல்லோரும் கார் வாங்கிவிட்டதால் பஸ்ஸால் வர முடியவில்லை.

ஒருவழியாக வந்தது. ஏறி ஓட்டுநரிடம் பத்து ரிங்கிட் தாளை நீட்டினேன். உயிருள்ள கோழியை நீட்டியதுபோல் பார்த்தார். மலாயில் ஏதோ சொன்னார். "காசு வாங்கறதுக்கு இந்த வண்டிக்கு வாய் இல்லையாம்" என்று கீர்த்தி மொழிபெயர்த்தாள். அட்டையைத் தட்டினால்தான் உண்டு. அவளுடையது ஓர் ஆளுக்குமேல் ஏற்க மறுத்தது. பின்னால் நின்ற சீன முதியவர் தன் அட்டையை எனக்காகத் தட்டினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் சொன்னதையும் கீர்த்திதான் தமிழில் சொன்னாள்: "நான் உன் ஊருக்கு வரும்போது நீ தட்டு." திருச்சியில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

இறங்கியதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பஸ் எங்களை ஒரு பக்கம் இறக்கிவிட்டது. தொழிற்சாலை மறுபக்கம் இருந்தது. நடுவில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள். லாரி என்றால் நம்மூர் செங்கல் லாரி இல்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வீட்டை ஏற்றிவைத்த மாதிரி கண்டெய்னர். கோடு போட்ட கடவை இல்லை, மேம்பாலம் இல்லை, நடைபாதைகூட இல்லை. நடுவில் ஒரு திட்டு, அதில் முழங்கால் உயரப் புல். அந்தப் புல்லில் ஒற்றையடிப்பாதை விழுந்திருந்தது. அத்தனை பேர் அத்தனை நாள் ஓடிக் கடந்திருக்கிறார்கள்.

பெண்கள் ஏழெட்டுப் பேர் சேரும்வரை காத்திருந்தார்கள். கோகிலா "இப்ப!" என்று கத்தினாள். எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

எனக்கு ஓட வராது. எனக்குத் தெரிந்தது திருச்சி சத்திரம் பேருந்து நிலைய முறை ஒன்றுதான். இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, ஓட்டுபவரின் முகத்தைப் பார்க்காமல் நடக்கவேண்டும். முகத்தைப் பார்த்தோம் என்றால் அவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். கையை நீட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு லாரி, யானை பிளிறுவதுபோல் பிரேக் போட்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி நீளமாக ஒரு வாக்கியம் சொன்னார். மறுபக்கம் போனதும் அவர் என்ன சொன்னார் என்று கோகிலாவிடம் கேட்டேன்.

"உங்கள வாழ்த்துறாரு ஆன்டி" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் கீர்த்தி என் பின்னால் இல்லை. அந்தப் பக்கமே நின்றிருந்தாள். பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பியை நல்ல கையால் இறுகப் பிடித்திருந்தாள். வாகனங்களின் இடைவெளியில் அவள் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. "ரோடுதான், வேற என்ன இருக்கும்" என்று சொன்ன பெண்ணின் முகம் இல்லை அது. அன்றைக்கு அவள் கடக்கவே இல்லை. நான்தான் திரும்ப ஒருமுறை வாழ்த்து வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

மாலையில் சோறும் பிரண்டைத் துவையலும் பிசைந்து ஊட்டிக்கொண்டே இரண்டாவது டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். வாயில் சோறு இருக்கும்போது எதிர்த்துப் பேசமாட்டாள் என்ற கணக்கு. விழுங்கிவிட்டுப் பேசினாள்.

"நான் வரலம்மா."

"அந்த ரோட்டத் தாண்ட உன்னால முடியலையே, நான் பாத்தேனே."

"அதனாலதான் வரல. இந்த ரோட்டுக்குப் பயந்து ஊருக்கு ஓடி வந்தேன்னா அப்புறம் எந்த ரோட்டையும் தாண்ட மாட்டேன். வர்ற வியாழக்கிழமை வேலைக்குப் போறேன். நீ அன்னிக்கு சாயங்காலம் ஃப்ளைட் ஏறு."

"ரோட்ட சரி பண்ணட்டும், நான் நிம்மதியாத் தனியாப் போறேன்."

"யாரு சரி பண்ணுவா? நீயா?"

நான் அந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் சாக்கடை மூடி உடைந்தால் முதலில் வார்டு கவுன்சிலர், அப்புறம் எம்.எல்.ஏ., அதற்கப்புறம் மறியல். இங்கே மறியல் செய்தால் என்னை விமானத்தில் அவர்களே ஏற்றிவிடுவார்கள், அதனால் எம்.எல்.ஏ.விலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கோகிலாவிடம் கேட்டேன். "உன் தொகுதிக்கு யாரும்மா?"

"எனக்கு இங்க யாரும் இல்ல ஆன்டி. என் வோட்டு ஊர்ல இருக்கு."

அவள் சொன்னது எனக்குப் புதிது. இங்கே வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர் ஓட்டை மாற்றிக்கொள்வதில்லை. இருபது வருடம் கிள்ளானில் வேலை செய்வார்கள். தேர்தல் வந்தால் ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். ஏன் மாற்றவில்லை என்றால், "மாத்துனா ஊர் போயிடும்ல" என்றாள்.

"அப்ப உங்க எம்.பி.க்கு உன் பஸ்ஸப் பத்தி என்ன கவலை?"

"அதான் ஆன்டி வேடிக்கை. எங்க ஒய்பி பாவம், வடக்கு ஆளு, ஆனா பார்லிமென்ட்ல கிள்ளான் பஸ்ஸப் பத்திதான் கேக்குறாரு. மத்தவனுங்க சிரிக்கிறானுங்க."

மலேசியாவில் மக்கள் பிரதிநிதியை ஒய்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாண்புமிகு என்பதற்கு மலாயில் உள்ள இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளாம். மாண்பை இரண்டே எழுத்தில் முடித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. நாடாளுமன்றம் கூடும் வாரங்களில் இந்த ஒய்பி ஒருநாள் மாலை தலைநகரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவார். இங்கே வேலை செய்யும் அவர் ஊர்க்காரர்கள் போய்ப் பார்ப்பார்கள். அந்த வாரத்தில் அது செவ்வாய்க்கிழமை.

கிள்ளானிலிருந்து ரயில். பெண்களுக்கென்றே ஒரு பெட்டி. குளிர் காஷ்மீர்க் குளிர். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ரயில் நின்றுவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் இறங்கித் தண்டவாளத்தில் நடந்திருப்பார்கள், இரண்டு பேர் கடலை வாங்கியிருப்பார்கள். இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதிரில் இருந்த மலாய்ப் பெண்மணி தன் தோழியிடம் பேசியதைக் கீர்த்தி காதோடு சொன்னாள்: "போன வாரமும் இங்கேதான் நின்றது. அந்த மரத்தை எனக்கு நன்றாகத் தெரியும்."

பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியதும் மல்லிகைப்பூ வாசனையும் ஊதுபத்தியும் சேர்ந்து அடித்தன. பூக்கடை, புடவைக்கடை, தட்டில் அடுக்கிய லட்டு. ஒரு நிமிடம் திருச்சி என்று நினைத்துக்கொண்டு பழக்கத்தில் கையை நீட்டி ரோட்டில் இறங்கிவிட்டேன். கீர்த்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா! அங்க கடவை இருக்கு. வெள்ளைக் குச்சி வச்சிக்கிட்டு கண்ணு தெரியாதவங்களே அதுலதான் போறாங்க. உனக்கு என்ன கேடு?" இங்கே பார்வையற்றவர்கள் நிறைய. அவர்களுக்காக நடைபாதையில் மேடு மேடாக ஓடு பதித்திருக்கிறார்கள். அதன்மேல் யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார். அதில் மட்டும் இரண்டு நாடும் ஒன்று.

கடை வாசலில் ஒரு மேசை. அதன் பின்னால் நல்ல உடம்போடு ஒருவர் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒய்பியின் உதவியாளர். கோகிலாவை அவருக்குத் தெரியும்.

"வா கோகி. சாப்ட்டியா? இவங்க யாரு?"

"எங்க ஆன்டி, அண்ணே."

"அக்கா, மன்னிச்சுக்குங்க. ஒய்பிக்கு இன்னிக்கு ரொம்ப டைட். நம்ம ஊரு வோட்டருங்க மட்டும்தான். நீங்க எந்த ஊரு?"

கோகிலா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "புக்கிட் செம்பாக்கா" என்றேன். கீர்த்தி என் பக்கம் திரும்பிய வேகத்தில் மாவுக்கட்டு மேசையில் இடித்தது.

"அப்படியா? நானும் அங்கதான். எங்க, கடைத்தெருவுலயா, கம்பத்துலயா?"

கம்பம் என்றால் இங்கே கிராமம். எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊரில் கம்பம் என்றால் விளக்குக் கம்பம். எதற்கு வம்பு என்று பதில் சொல்லாமல் இடது கையின் ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எங்கள் ஊரில் தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நகத்தில் வைத்த மை பாதித் தூரம் வளர்ந்து மேலே வந்திருந்தது. ஓட்டுப் போட்டவள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்த நாட்டிலும் அதே விரலில்தான் மை வைக்கிறார்கள் என்று கோகிலா சொல்லியிருந்தாள்.

அவர் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஒய்பி! கொஞ்சம் வந்து பாருங்க. நம்ம எலெக்ஷன் முடிஞ்சு எத்தன வருஷம் ஆச்சு? இந்த அக்கா அன்னியிலேர்ந்து கையே கழுவல போல!"

கடை முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் ரசத்தைத் தரையில் ஊற்றினார். சிரித்தபடியே இலையிலிருந்து எழுந்து வந்தவர்தான் ஒய்பி. ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். சோற்றுக் கையோடு என் விரலைக் குனிந்து பார்த்தார்.

"நல்ல மை. எங்க மை இவ்வளவு நிக்காது. தமிழ்நாட்டுல எந்த ஊர்க்கா?"

"திருச்சி" என்றேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாணவர்களை வருடக்கணக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். எப்படி நிற்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உக்காருங்கக்கா. திருச்சியிலேர்ந்து வோட்டு போட்டுட்டு என்னப் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்."

அவருக்கு எதிரில் எனக்கும் இலை போட்டார்கள். சோறு, பூசணிக்காய்க் கூட்டு, வறுத்த பாகற்காய், மோர் மிளகாய், மூன்று வகைக் குழம்பு. எங்கள் ஊர்ச் சாப்பாடுதான். ஆனால் எங்கள் ஊரில் அப்பளத்தை இப்படிக் கூடை நிறைய வைத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் போகமாட்டார்கள். கோகிலா ரோட்டைப் பற்றிச் சொன்னாள். கீர்த்தி கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். ஒய்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"தெரியும். போன தடவ கேட்டேன். என்ன பதில் தெரியுமா? நிழற்குடை ஒரு இலாகா, ரோடு வேற இலாகா, பஸ் இன்னொரு இலாகா. நடுவுல வளந்திருக்கே புல்லு, அது யாருதுன்னு இன்னும் கண்டுபிடிக்கல. நான் எந்திரிச்சாலே ஒருத்தர் கேக்குறாரு, 'மாண்புமிகு உறுப்பினர் வடக்கே அல்லவா? கிள்ளான் எப்போது வடக்கே போனது?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கிள்ளான் போகல, என் வோட்டருங்கதான் கிள்ளானுக்குப் போயிட்டாங்க, ஊர்ல மிச்சம் இருக்குறது வயசானவங்களும் பூனையும்தான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பதில் மட்டும் வரல. எல்லாமே சுசா லா, அக்கா, கஷ்டம். ஒவ்வொரு கதவா தட்டணும்."

நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கவா நான் கடல் தாண்டி வந்தேன்? "நீங்க அந்த ரோட்டத் தாண்டியிருக்கீங்களா?" என்றேன்.

"போயிருக்கேனே. எத்தன தடவ."

"போறதக் கேக்கல. தாண்டுறத."

அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் அப்பளத்தைப் பார்த்தார்.

"கார்ல போறவங்களுக்கு அது நல்ல ரோடுதான், சார்" என்றேன். "வியாழக்கிழமை என் பொண்ணு மறுபடி வேலைக்குப் போறா. அன்னிக்கு சாயங்காலம் எனக்கு ஃப்ளைட். கையில ரெண்டு டிக்கெட் வச்சிருக்கேன். ஒண்ணா ரெண்டான்னு அன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

கீர்த்தி "அம்மா!" என்றாள். ஒய்பி கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். இலையை மடித்தார். "வரேன்" என்றார். "பத்து மணிக்கு சபை இருக்கு. அதுக்கு முன்னாடி வரேன். பஸ்லயே வரேன்."

"பஸ்லயா!" என்று உதவியாளர் தலையில் கை வைத்தார். "அலாமாக்."

புதன்கிழமை கிள்ளான் கடைத்தெருவில் நாள் முழுக்க அலைந்தோம். புடவைகளின் விலையைக் கேட்டுக் கேட்டுத் திருச்சி விலையைச் சொல்லிக் கடைக்காரரை வெறுப்பேற்றினேன். "அப்ப அங்கயே வாங்குங்கக்கா" என்றார் அவர், ஒரு டீயும் வரவழைத்துக் கொடுத்துவிட்டு. இழுத்து இழுத்து ஆற்றிய டீ, மேலே நுரையோடு. இரவு கீர்த்தி வேலைக்குப் போடும் காலணியை எடுத்து வைத்து, கயிற்றை ஒற்றைக் கையால் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். என் கணவர் தொலைபேசியில் கேட்டார், "சொல்லிட்டியா? வராளா?" வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

வியாழன் காலை அதே பஸ், அதே மூன்று நிமிடம். அதே பக்கம் இறக்கிவிட்டது. பெண்கள் சேர்ந்தார்கள். கீர்த்தி நடுவில் நின்றாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"பிடிக்காதம்மா. பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம்."

உதடு வெளுத்திருந்தது. கோகிலா இரண்டு முறை "இல்ல, இல்ல" என்றாள். மூன்றாவது முறை "இப்ப!" என்றாள். என் மகள் ஓடினாள். மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, புல் திட்டில் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடினாள். நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வாழ்த்துகூடக் காதில் விழவில்லை. தொழிற்சாலை வாசலில் போய் அவளைத் தொட்டேன். முதுகு முழுக்க வியர்வை. "தாண்டிட்டேன்மா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் நாளைக்கும் தாண்டவேண்டும், அதற்கு அடுத்த நாளும் தாண்டவேண்டும் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. டிக்கெட் இரண்டும் கைப்பையில்தான் இருந்தன.

வேலை தொடங்க இன்னும் நேரமிருந்தது. வாசலில் நின்று ஒய்பிக்காகக் காத்திருந்தோம். அடுத்த பஸ்ஸைக் காணோம். பெண்கள் ஆரம்பித்தார்கள்.

"வர மாட்டாரு லா. கூட்டம்னு சொல்லிடுவாரு."

"டிரைவர் தூங்கிட்டாருன்னு சொல்லுவாரு."

"பஸ்ல வரேன்னாருல்ல, அப்ப அவருக்கும் மூணு நிமிஷம்தான்!"

நானும் சேர்ந்துகொண்டேன். எங்கள் ஊரில் வராத தலைவர்களைப் பற்றி எனக்கும் ஐந்தாறு கதைகள் தெரியும். மூன்றாவது கதையில் இருக்கும்போது பஸ் வந்தது. அந்தப் பக்கம் நின்றது, கிளம்பியது. அது நின்ற இடத்தில் ஒருவர் தனியாக நின்றிருந்தார். நாடாளுமன்றத்துக்குப் போகிற கோட்டும் டையும், கையில் ஒரு கறுப்புப் பை.

ஒரு காலை ரோட்டில் வைத்தார். லாரி வந்தது, பின்வாங்கினார். மறுபடி வைத்தார், மறுபடி பின்வாங்கினார். நேற்றைய மழைத் தண்ணீர் கிடந்த பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி, அவர் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. டை காற்றில் பறந்து முகத்தில் அடித்தது. "ஒய்பி! வாங்க லா! ஓடியாங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். அவர் கையை அசைத்தார். வருகிறேன் என்கிறாரா, வரமுடியாது என்கிறாரா, தெரியவில்லை. கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்தில் இன்னொரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கீர்த்தி. அவள் கையில் கட்டு விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம்.

"அம்மா, போய்க் கூட்டிட்டு வா. உன் தொகுதி எம்.பி.தானே!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். இடது கையை நீட்டினேன். மை வைத்த விரல் முன்னால் போக, நான் பின்னால் போனேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிரேக்குகள் அலறின, ஹாரன்கள் ஊதின, மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எனக்கு வாழ்த்துகள் கிடைத்தன. தமிழ் வாழ்த்து மட்டும் முழுதாகப் புரிந்தது. அந்தப் பக்கம் போய் மாண்புமிகு உறுப்பினரின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. "முகத்தப் பாக்காதீங்க. நேரா நடங்க" என்றேன். முதலாம் வகுப்புப் பிள்ளைபோல் நடந்தார். புல் திட்டில் பையைத் தவறவிட்டார். குனிந்தவரை எழுப்பி, மறுபடி கையை நீட்டி, மீதிப் பாதியையும் கடத்தி, தொழிற்சாலை வாசலில் கொண்டுவந்து சேர்த்தேன்.

பெண்கள் கைதட்டினார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. நனைந்த கால்சட்டையைப் பார்த்தார், கடந்து வந்த ரோட்டைப் பார்த்தார், கீர்த்தியின் கட்டுப்போட்ட கையை வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா," என்றார், "அந்த ரெண்டாவது டிக்கெட்டக் கேன்சல் பண்ணிடுங்க. இந்த ரோடு இனிமே என் தலவலி. இன்னிக்குப் பத்து மணிக்கு இந்தக் கால்சட்டையோடயே போய்க் கேக்குறேன்."

சரி என்று அவர் கையை விடப்போனேன்.

"இப்பவே விட்றாதீங்க லா. காலு இன்னும் நடுங்குது."